கோவிந்தசாமியைக் கொன்றவர்கள்

அந்த நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையில் ஒரு பொம்மை நோயாளி உண்டு. மாணவிகள் வைத்த பெயர் கோவிந்தசாமி. அவன் விலாவில் ஒரு குழாய். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள். நெஞ்சில் தேங்கும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்; வெளிக்காற்று உள்ளே போகாமல் தண்ணீர் தடுக்கும். தவறு செய்தால் மானிட்டரில் கோடு நேராகிவிடும். கொன்றவள் அவன் காலில் தன் பெயரை எழுத வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். இது எஸ்தர் மேடம் வைத்த சட்டம்.

இரண்டு கால்களும் பெயர்களால் நிறைந்திருந்தன. ஹாஜிராவின் பெயர் மட்டும் இல்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. மறைத்துக்கொள்ளவும் தெரியாது.

நெஞ்சு நோய் வார்டுக்கு முதலில் போகிறவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். அதிலும் அவள் பெயர் இல்லை.

நேராக மேடத்திடம் போனாள்.

“மூணு தடவை கொன்ன கௌசல்யா போறா. ஒரு தடவைகூடக் கொல்லாத நான் ஏன் போகக் கூடாது மேடம்?”

மேடம் எழுந்தார். கட்டிலருகே போய், காலால் பாட்டிலை ஓர் எத்து எத்தினார். பாட்டில் உடைந்தது.

ஹாஜிரா ஆடிப்போனாள். குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டுப் புது பாட்டில் எடுக்க ஓடினாள். வேகமாகத்தான் ஓடினாள். திரும்பி வந்தபோது கோடு நேராக இருந்தது. கிளாம்ப் குழாயை அடைத்துவிட்டதால், உள்ளே சேர்ந்த காற்றுக்குப் போக வழியில்லை.

மேடம் கௌசல்யாவைக் கூப்பிட்டார். புது பாட்டிலை மாட்டி, மானிட்டரில் கோடு மறுபடி ஓடத் தொடங்கியதும் அதையும் எத்தி உடைத்தார்.

கௌசல்யா மேசையிலிருந்த கிருமி நீக்கிய தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குழாயின் நுனியை அதற்குள் விட்டு, கட்டிலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். குமிழ் வந்தது. கோவிந்தசாமி பிழைத்தான்.

“யாராவது புது பாட்டில் கொண்டு வாங்கப்பா” என்றாள், கடையில் டீ சொல்வதுபோல.

“உனக்கு எப்படிடீ தெரியும்?” என்றாள் ஹாஜிரா.

“ரெண்டாவது தடவை கொன்னப்போ கத்துக்கிட்டேன்.” கௌசல்யாவுக்கு அதைச் சொல்வதில் அத்தனை பெருமை.

உள்ளங்காலில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. ஹாஜிரா பேனாவை வாங்கித் தன் பெயரைப் பெரிதாகவே எழுதினாள். அறை அதிரக் கைதட்டினார்கள். அவள் முகமும் மலர்ந்துவிட்டது. பிறகு அந்தப் பெயர்களுக்குள் ஒரு பெயரைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“உங்க பேரை எங்கே எழுதியிருக்கீங்க மேடம்?”

மேடம் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“நான் படிக்கிறப்போ பொம்மை கிடையாதும்மா.”