முன் சக்கரத்து மஞ்சள் முடிச்சு

தவமணியம்மா தன் சீடர் சின்னுசாமியைவிட வயதில் மிகவும் இளையவர். சின்னுசாமி அவரை அம்மா என்பார். அவர் சின்னுசாமியை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் சின்னுசாமி வந்து உட்கார்ந்தார்.

"பயம் போக என்ன வழிங்கம்மா?"

தவமணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எதைப் பார்த்துப் பயம்?"

ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து, என்றார் சின்னுசாமி.

அது அவருடைய தம்பி முத்தழகின் வண்டி. மழை நாளில் பாலத்து வளைவில் வழுக்கித் தம்பி போய்விட்டான். வண்டிக்குக் கால் வைக்கிற கம்பி மட்டும் வளைந்திருந்தது. ஆளை வாங்கிக்கொண்டு முழுசாகத் திரும்பி வந்து நின்ற வண்டியைப் பார்க்கவே அவருக்கு நடுங்கியது. விற்கவும் பயம். வாங்குகிற வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினார். பல வருடம் அது அப்படியே கிடந்தது.

இப்போது மகள் பிருந்தா தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது. வண்டி இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் வீடு என்கிறாள்.

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அதுக்கு அவ, அண்ணன் கேட்டிருந்தா புது வண்டியே வாங்கிக் குடுத்திருப்பீங்க, எனக்குச் செத்த வண்டிகூடக் கிடையாதான்னா."

"அவ கேட்டது சரிதானே," என்றார் தவமணியம்மா.

நாளைக்கு முதல் தடவையாக அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதே பாலம், அதே வளைவு. வேறு வழி கிடையாது. சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் தம்பி முகம் வருகிறது என்றார் சின்னுசாமி.

"இந்தப் பயத்தை மட்டும் எடுத்துடுங்கம்மா."

தவமணியம்மா கீரையை மூடி வைத்தார். "வண்டியைப் பார்க்கலாம், வாங்க."

வாசலில் பிருந்தா சித்தப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். வண்டி பளபளவென்று நின்றது. பெட்ரோல் டேங்கில் கைநிறைய நட்டும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை வெளியே எடுத்திருந்தாள். எலி குடித்தனம் நடத்திய சீட்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்திருந்தாள். டயர் புதிது. சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்திருந்தாள்.

தேய்க்காத இடம் ஒன்றே ஒன்று. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் ஒயர் வந்து சேர்கிற இடத்தில், ஒரு மஞ்சள் துணி இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது என்ன பிருந்தா?"

"அப்பாவையே கேளுங்கக்கா. எனக்கும் அவருக்கும் ஒப்பந்தம்."

சின்னுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். தம்பி போன பிறகு முனியப்பனை வேண்டிக் கட்டிய முடிச்சு அது. உள்ளே ஒரு காசும் கல்லுப்பும் இருக்கிறது. இந்த வண்டி இன்னொரு உயிரைக் கேட்கக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை கொட்டகைக்குள் போவார். முடிச்சின் மேல் உப்புத் தண்ணீர் ஊற்றுவார். திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு அமாவாசையைக்கூட விடவில்லை.

முடிச்சைத் தொடாமல் இருந்தால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதுதான் ஒப்பந்தம். உள்ளே பிரேக் ஒயர் போகிறது, அதை மாற்ற வேண்டும் என்று பிருந்தா எவ்வளவோ வாதாடினாள். மாற்றினால் வண்டியை மறந்துவிடு என்றார் அவர். கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள்.

"ஓட்ட விட்டதே பெரிசுன்னு விட்டுட்டேன்கா. மெதுவா அழுத்திப் பார்த்தேன், பிடிக்குது."

தவமணியம்மா குனிந்தார். துணிக்குக் கீழே பழுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

"அண்ணா, கடைசியா இதை எப்போ பார்த்தீங்க?"

"போன அமாவாசைக்குங்க."

"ஊத்துனது அமாவாசைக்கு. பார்த்தது எப்போ?"

"பார்க்கக் கூடாதுங்கம்மா."

தவமணியம்மா புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவாக இறங்கியது. ரோட்டில் மணல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

சின்னுசாமி ஓரடி முன்னால் வந்தார். "அம்மா, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுங்களா?"

"தெரியாது."

"இறங்கிடுங்கம்மா. விழுந்துடுவீங்க."

"ஏன்? முடிச்சு இருக்குதே."

சொல்லிக்கொண்டே அவர் ஸ்டாண்டைத் தள்ளினார். சக்கரம் உருண்டது.

சின்னுசாமி ஓடினார். வண்டிக்கு முன்னால் விழுகிற மாதிரி பாய்ந்து, முன் பிரேக் லிவரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினார்.

டக் என்று ஒரு சத்தம். லிவர் தளர்ந்து, கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. சக்கரம் நிற்கவில்லை.

அப்பாவுக்கு முன்னாலேயே பிருந்தா பின்பக்கக் கேரியரை எட்டிப் பிடித்திருந்தாள். குதிகாலை மண்ணில் ஊன்றி மல்லாந்த மாதிரி சாய்ந்து இழுத்தாள். கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. வெளியே ஒரு லாரி தடதடவென்று கடந்து போனது. அது எழுப்பிய புழுதி மூன்று பேர் மேலும் படிந்தது.

லிவர் இன்னும் சின்னுசாமியின் கையில்தான் இருந்தது. தொளதொளவென்று ஆடியது.

பிருந்தா வண்டியைப் பின்னுக்கு இழுத்து ஸ்டாண்டு போட்டாள். அப்பாவைப் பார்த்தாள்.

அவரே மண்டி போட்டு உட்கார்ந்து முடிச்சைப் பிரித்தார். துணி ஒயரோடு ஒட்டிக் காய்ந்திருந்தது, உரிக்க வேண்டியிருந்தது. உள்ளே உப்பு பாறையாக இறுகியிருந்தது. காசில் பச்சை பூத்திருந்தது. ஒயரின் இழைகள் ஒவ்வொன்றாகத் துரு தின்று போயிருந்தன. விரல் பட்டதும் மிச்சமும் பொடியாக உதிர்ந்தது. முனையில் இரண்டு மூன்று இழை மட்டும் வெள்ளையாக மின்னியது. இப்போதுதான் அறுந்த இழைகள்.

"பாலத்து வளைவுல இப்படித்தான் அழுத்தியிருப்பேன்," என்றாள் பிருந்தா. அவள் குரலில் வாதாடுகிற தொனி இல்லை.

சின்னுசாமி காசைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பயம் போகணும்னுதானே உங்ககிட்ட வந்தேன்," என்றார். "இப்போ முன்னைவிட அதிகமா இருக்குதேம்மா."

தவமணியம்மா வண்டியிலிருந்து இறங்கிப் புடவையில் படிந்த புழுதியைத் தட்டினார்.

"இருக்கட்டுங்கண்ணா. அது போறதுக்குள்ள பின் பிரேக்கையும் பார்த்துடுங்க."