குழாய்த் தண்ணீர் போதும்

"மைக் இல்ல, பத்திரிகைக்காரங்க இல்ல, மேசையைத் தட்ட நாலு பேர் இல்ல. இந்தக் குழுவுல உக்காந்து நான் என்னதான் செய்யிறது, தலைவரே?"

பரஞ்சோதியின் எரிச்சல் நியாயமானதுதான். சட்டமன்றத்தில் எழுந்தால் அனல் பறக்கப் பேசுகிற மனிதர். தலை நரைத்த பிறகு, அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

தலைவர் குணவதி அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு தாளை நீட்டினார்.

கருங்காலிமேட்டில் வீட்டுக்கு வீடு குடிநீர் கொடுத்தாயிற்று என்று துறை எழுதியிருந்தது. குழுவும் ஒப்புக்கொண்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் அந்த ஊர் யாரிடம் போய்க் கேட்கும்?

"போய்ப் பாத்துடுவோம் அண்ணே."

குழு போயிற்று. வாசலுக்கு வாசல் புதுக் குழாய் பளபளத்தது. துறையின் பொறியாளர் நிழலில் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். சற்றுத் தள்ளிக் காலிக் குடத்தோடு சில பெண்கள்.

குணவதி பாட்டிலை ஒதுக்கினார். "குழாய்த் தண்ணி குடுங்க, போதும்."

மோட்டாரில் சின்னக் கோளாறு, பத்தே நிமிடம் என்றார் பொறியாளர்.

"வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார் குணவதி. மற்ற உறுப்பினர்கள் பழகியவர்கள். அவர்களும் பாட்டிலைத் தொடவில்லை.

பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாயிற்று. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. மின்சாரம் இல்லை என்றார் பொறியாளர், வால்வு என்றார், ஆபரேட்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார். குணவதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

பரஞ்சோதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக ஒரு அதட்டுப் போடலாம் என்று எழுந்தார். தொண்டை வறண்டு சத்தமே வரவில்லை. பாட்டிலை எடுத்து மூடியில் கை வைத்தார்.

பொறியாளர் முகம் மலர்ந்தது.

குடத்துப் பெண்களும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரஞ்சோதி பாட்டிலைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தலைவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் போயிற்று.

"மேடம்," என்றார் பொறியாளர், தரையைப் பார்த்து. "குழாய் மட்டுந்தான் வச்சிருக்கோம். தொட்டியிலேர்ந்து லைன் இன்னும் போடலை."

குணவதி பேனாவைப் பரஞ்சோதியிடம் நீட்டினார். நிறைவேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அவர். போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த மாசம் இதே தேதிக்கு வருவோம்," என்றார் பொறியாளரிடம். "பாட்டில் வாங்கி வைக்காதீங்க."