மூடினால் மிஞ்சுமா?

கூட்டல் கழித்தல் தெரிந்தாலே போதும், இந்தக் கதைக்கு விடை சொல்லிவிடலாம். ஆனால் அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பட்ஜெட் கூட்டத்தில், படித்தவர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தும் அது யார் கண்ணிலும் படவில்லை.

அமலோற்பவம் அங்கே டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பு நர்ஸ். ஐந்து இயந்திரங்கள், இருபத்தைந்து நோயாளிகள். ஒவ்வொருவரும் மாதம் பன்னிரண்டு தடவை வருவார்கள். தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய். இந்தப் பிரிவு இல்லையென்றால் அவர்கள் மதுரைக்குத்தான் போக வேண்டும். ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, நிற்க முடியாத தலைசுற்றலோடு பஸ் ஏறித் திரும்ப வேண்டும்.

கூட்டத்தில் கணக்கு மேலாளர் நாகசுந்தரம் ஒரு தாளை அவர் முன் தள்ளினார்.

"வரவு ஆறு லட்சம். மருந்து, ஃபில்டர், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்த்து மூணு லட்சம். உங்க பிரிவுச் சம்பளம் ஒன்றரை லட்சம். பொதுச் செலவுல உங்க பங்கு ரெண்டு லட்சம். மாசம் ஐம்பதாயிரம் நஷ்டம். மூடிடலாம். கீழே கையெழுத்துப் போடுங்க, சிஸ்டர்."

மருத்துவமனையின் உரிமையாளர் டாக்டர் பாலசண்முகம் சற்று இறங்கி வந்தார். "மூடணும்னு எனக்கு ஆசையில்ல. ரெண்டு நர்ஸைக் குறைச்சா ஐம்பதாயிரம் மிச்சம். நஷ்டம் தீர்ந்துடும்."

மற்ற வருடங்களில் அமலோற்பவம் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பியவர்தான். எண்களைக் கண்டால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம், யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று. இன்று அந்தத் தாளை அவர் வரி வரியாகப் படித்தார். எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"பொதுச் செலவுன்னா என்ன சார்?"

"கட்டட வாடகை, ஜெனரேட்டர் தவணை, ஆபீஸ் சம்பளம். மொத்தத்தையும் இடத்தோட அளவுப்படி எல்லாப் பிரிவுக்கும் பிரிச்சுப் போடுறோம்."

"எங்களை மூடினா வாடகை குறையுமா?"

"குறையாது. முழுக் கட்டடத்துக்கும் ஒரே ஒப்பந்தம். இன்னும் ஏழு வருஷம் இருக்கு."

"ஜெனரேட்டர் தவணை?"

"அதுவும் கட்டித்தான் ஆகணும்."

"ஆபீஸ்ல யாரையாவது நிறுத்துவீங்களா?"

நாகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "அதெல்லாம் இல்ல."

"எங்க இடத்துல வேற என்ன வரும்?"

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல. பூட்டித்தான் வைப்போம்."

டாக்டர் குறுக்கிட்டார். "சிஸ்டர், கணக்கு அவரோட வேலை. நீங்க நோயாளியைப் பாருங்க."

"நோயாளியைத்தான் பார்க்கிறேன் டாக்டர். ஓடுற மெஷின்ல திடீர்னு ரெண்டு பேருக்கு பி.பி. இறங்கினா, குறைச்ச ஆளை வச்சு யாரைப் பிடிக்கிறது, யாரை விடுறது? நர்ஸைக் குறைக்கவும் விட மாட்டேன். மூடவும் கையெழுத்துப் போட மாட்டேன். எங்களால இந்த ஆஸ்பத்திரிக்கு நஷ்டமே இல்ல."

தாளை நாகசுந்தரத்தின் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

மூடச் சொன்னவர் ஒருவர், ஆளைக் குறைக்கச் சொன்னவர் ஒருவர், இரண்டுக்கும் மறுத்தவர் ஒருவர். பிரிவை மூடினால் மருத்துவமனைக்கு மாதம் ஐம்பதாயிரம் மிஞ்சுமா? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: நாகசுந்தரத்தின் கூட்டலில் பிழையில்லை, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை. மூடினால் போகும் வரவு ஆறு லட்சம், நிற்கும் செலவு நாலரை லட்சம் மட்டுமே. பொதுச் செலவின் இரண்டு லட்சம் அப்படியே இருக்கும். மற்றப் பிரிவுகளின் தலையில் ஏறும். ஆகவே ஐம்பதாயிரம் மிஞ்சாது, மாதம் ஒன்றரை லட்சம் குறையும். டாக்டர் சொன்ன வழியில் ஐம்பதாயிரம் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் பிரிவு மருத்துவமனைக்கு ஒன்றரை லட்சம் தந்துகொண்டிருக்கும்போது, அதைக் காப்பாற்ற நோயாளிகளின் உயிரைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை. அமலோற்பவம் சொன்னதுதான் சரி. இரண்டு நாள் கழித்து டாக்டர் மூடும் முடிவையும் ஆள்குறைப்பையும் கைவிட்டார். அடுத்த ஆண்டு பட்ஜெட் கூட்டத்துக்கு அமலோற்பவத்தை யாரும் அழைக்கவில்லை. அவரே போய் உட்கார்ந்தார்.