ஊசிக் கண்ணீர்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் அம்பலவாணர் என்ற சீடர் இருந்தார். வயது அறுபத்து நான்கு. மடத்தின் தலைவர் முத்தைய அடிகள் அவரைவிட ஏழு வயது இளையவர். இளையவரைக் குருவாகக் கொண்டதில் அம்பலவாணருக்கு ஒருநாளும் சங்கடம் இருந்ததில்லை.

அந்தச் சித்திரையில் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைகள் எடுத்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருந்தது. குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் மருத்துவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி.

மடத்துக்குத் திரும்பியதும் குருவிடம் ஒரே வரியில் செய்தியைச் சொன்னார்.

"வலி இருக்கிறதா?" என்று குரு கேட்டார்.

"உடம்புக்கு இருக்கிறது, சாமி."

குரு அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

முதல் ஊசி போட்டு ஆறு வாரம் ஆகியிருக்கும். ஊர்க்காரர்களுக்காக மடத்தில் நடக்கும் மாலை வகுப்பில் அம்பலவாணர் பதிகம் ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் ஏறியது. மேல்துண்டு நனைந்தது. அடுத்த அடியைச் சொல்ல வாயைத் திறந்தார், அழுகை வந்தது. நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை.

முன்வரிசையில் இருந்தவர் நாச்சிமுத்து, எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர். எழுந்து வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"இப்படி உருகறதுக்கு எத்தனை பிறவி வேணுமுங்க!"

மற்றவர்களும் விழுந்தார்கள். அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. கஞ்சியில் உப்புக் குறைந்ததற்கு அம்பலவாணர் அழுதார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவரைப் பார்த்தும் அழுதார். அதற்கும் கும்பிட்டார்கள்.

இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் குருவின் அறைக்கு வந்தார்.

"ஊசியை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், சாமி."

"மருத்துவர் என்ன சொன்னார்?"

"நிறுத்தினால் நோய் வேகமாகப் பரவுமாம்."

"பிறகு?"

"பரவட்டும். மருந்து செய்கிற வேலையைப் பக்தி என்று கும்பிடுகிறார்கள். முப்பது வருஷம் ஓதியும் எனக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. இப்போது வருகிறது, அது என்னுடையது இல்லை. இந்தப் பொய்யோடு ஐந்து வருஷம் இருப்பதைவிட ஒரு வருஷம் யோக்கியமாக இருந்துவிட்டுப் போகலாம்."

"அவர்களிடம் சொல்லிப் பார்த்தீர்களா?"

"எப்படிச் சொல்வது, சாமி? நோய் எந்த இடத்தில் என்று அந்தச் சபையில் எப்படி வாயைத் திறப்பது?"

குரு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஊசி வியாழக்கிழமைதானே? நானும் வருகிறேன்."

ஊசி அறைக்கு வெளியே, லேப் கட்டிடத்தின் நிழலில், ஒரு நீளப் பெஞ்சு கிடந்தது. ஐந்தாறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் விசிறி, தோளில் ஈரத்துண்டு. லாரிக்குப் பாடி கட்டும் காதர் பாய் நகர்ந்து இடம் விட்டார். குருவும் சீடரும் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கும் இதேதானுங்களா, சாமி?" என்று குருவைக் கேட்டார் பாய்.

"இல்லை. இவருக்கு."

"அப்படின்னா தப்பா நெனைக்காதீங்க, அந்தப் பக்கம் போய் உக்காருங்க. இந்தப் பெஞ்சு நோவுக்காரங்களுக்கு மட்டும். பொண்டாட்டியோ மகனோ பக்கத்துல இருந்தா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொல்லிப்போடறோம்."

மடத்துத் தலைவரை யாரும் அப்படி எழுப்பி அம்பலவாணர் பார்த்ததில்லை. குரு "நல்லது" என்று எழுந்தார். மகன்களும் மருமகள்களும் காத்திருந்த வேப்பமரத்தடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?" என்றார் காதர் பாய்.

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த உடம்பு வெறும் தோல் பை என்று ஆரம்பித்தார். ஐம்பூதங்களைச் சொன்னார். வினையைச் சொன்னார். நிலையாமையைச் சொன்னார். பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவர் மட்டும் கொட்டாவியை விசிறியால் மறைத்துக்கொண்டார்.

பேசி முடித்ததும் துரைக்கண்ணு வாயைத் திறந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர்.

"அதெல்லாம் சரிங்க. ராத்திரி ஒண்ணுக்குப் போக எத்தனை தடவை எந்திரிக்கறீங்க?"

அம்பலவாணர் வேப்பமரத்தைப் பார்த்தார். குரு இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆறு."

"ஆறா! ராசாவாட்டம் தூங்கறீங்க. எனக்கு ஒன்பது."

பெஞ்சே சிரித்தது. அம்பலவாணரும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டார். யாரும் எழவில்லை, யாரும் கும்பிடவில்லை. துரைக்கண்ணு தன் ஈரத்துண்டை அவர் மடியில் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு டி.வி.யில சமையல் பாத்தாப் போதும், வந்துரும்" என்றார் காதர் பாய். "வெங்காயம் உரிக்கறது அந்தம்மா. கண்ணுல தண்ணி எனக்கு."

அம்பலவாணர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அது உங்கள் அழுகையா பாய், ஊசியுடையதா?"

பாய் யோசித்தார்.

"தெரியலீங்க. மொதல்ல நானும் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். இப்ப மொகத்தைக் கழுவிட்டு வேலையப் பாக்கறேன்."

"எத்தனை நாள் இருப்போம்?"

"எனக்கு இது அஞ்சாவது வருசம். நீங்க உக்காந்திருக்கற எடத்துல ஒரு டெய்லர் உக்காருவாரு. அவரு பதினோரு மாசந்தான் இருந்தாரு. அதே ஊசிதான்."

அம்பலவாணர் தான் இருந்த இடத்தைப் பார்த்தார். நகரவில்லை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க" என்றார் துரைக்கண்ணு. "முதுகு வலி ஏறி, காலு பலமில்லாம மரத்துப்போச்சுன்னா அன்னிக்கே இங்க ஓடியாந்துருங்க. அந்த டெய்லர் மூணு நாள் பொறுத்துக்கிட்டாரு. அப்பறம் எந்திரிச்சு நடக்கவே இல்ல."

"பொறுத்துக்கொள்வது நல்லதென்று நினைத்தேன்."

"அவரும் அப்படித்தான் நெனைச்சாரு."

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். அம்பலவாணர் எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"போங்க சாமி" என்றார் காதர் பாய். "வயித்தை எக்காதீங்க. மூச்சை விட்டுட்டே இருங்க."

அவர் உள்ளே போனார்.

அன்று மாலை மடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. குரு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்பலவாணர் முன்னால் வந்து அமர்ந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை.

"இத்தனை நாள் நீங்கள் பார்த்தது பக்தி இல்லை" என்றார். "எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். எலும்புக்குப் போய்விட்டது. அதற்குப் போடுகிற ஊசி ஆண் ஹார்மோனை அடக்குகிறது. அதனால் அனல் அடிக்கும், அழுகை வரும். இரவில் ஆறு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். ஊசியை விடப் போவதில்லை. ஆகவே இனியும் அழுவேன். யாரும் விழ வேண்டாம்."

ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

"சபையில பேசற பேச்சா இது?" என்று ஒரு குரல் கேட்டது.

ஒருவர் எழுந்தார். பின் இரண்டு பேர். வாசலில் செருப்புகள் தேடப்படும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டது. ஜமக்காளத்தில் ஏழெட்டுப் பேர் மிஞ்சினார்கள். அம்பலவாணர் அவர்களுக்குப் பதிகம் ஓதினார். அழுகை வரவில்லை.

வகுப்பு முடிந்தது. எல்லோரும் போன பின்னும் நாச்சிமுத்து தூணோரம் நின்றார். முன்னால் உட்கார்ந்திருந்த அம்பலவாணரைப் பார்க்காமல் நேராகக் குருவிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாமி, எனக்கும் ஆறு மாசமா அப்படித்தானுங்க. ஒண்ணுக்குல ரத்தமும் வருது. ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. என்ன பண்றதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

குரு தன் மேல்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்."