கரையை வெட்டிய கொடுக்கு

ஆவாரங்காட்டு ஏரியில் ஒரு நண்டுக் கூட்டம் இருந்தது. ஏரிக்கரைதான் அவற்றுக்கு வீடு. கரைக்குள் வளை தோண்டிக் குஞ்சும் குட்டியுமாய்க் குடியிருந்தன.

நண்டுகளின் வேலை நாணல் வெட்டுவது. ஏரியின் மேல்கோடியில் நாணல் சாய்ந்து தண்ணீரில் விழும். அதை அப்படியே தின்னக் கெண்டை மீன்களுக்கு வாய் பத்தாது. தானாக மக்கட்டும் என்று விட்டால் ஒரு வருஷம் ஆகும். அதற்குள் மீன் செத்துப்போகும். நண்டு வந்தால் கண் இமைக்கிற நேரம்தான். அதன் கொடுக்கில் ஒரு பள்ளம் உண்டு. நாணல் அதில் கச்சிதமாய்ப் போய் உட்காரும். நறுக்! இரண்டு துண்டு. தாமரைத் தண்டு உட்காராது, கோரை உட்காராது. நாணல் மட்டும்தான். ஆயிரம் வெட்டினாலும் கொடுக்கு தேயாது.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. வீட்டில் இருக்கிறவரை கொடுக்குக்குக் களிமண் மூடி போட்டிருக்க வேண்டும். மேல்கோடிப் பாறையில் கல்லன் என்ற ஆமை உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நாணல் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு வேண்டிய நண்டுகளின் மூடியை மட்டும் கடித்து உடைக்கும். மற்ற நண்டுகள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

வளைக்குள் யார் மூடியாவது தவறி உடைந்தால்? அதற்கு வழுவன் என்ற நத்தை இருந்தது. ஓடிப்போய் அந்தக் கொடுக்கில் ஒட்டிக்கொண்டு அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஓடிப்போய் என்றால் நத்தை ஓட்டம்தான்.

செவலிக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. கூட்டத்திலேயே வேகமான கொடுக்கு அவளுடையது. இரண்டு நாளாய் வரிசையில் நின்று, நாணல் இல்லை என்று திரும்பி வந்திருந்தாள். மூன்றாம் நாள் காற்றடித்து நாணல் ஏகத்துக்கும் விழுந்தது. மீன்கள் பசியில் வாயைத் திறந்து திறந்து மூடின. செவலிக்குப் பொறுக்கவில்லை. வளைக்குள்ளேயே மூடியைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தாள்.

வழுவன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது.

"என்ன செவலி, விடிஞ்சதும் தேய்ப்பு?"

"அரிக்குது."

"அரிச்சா முதுகைத் தேயி. மூடியை எதுக்குத் தேய்க்கிற?"

"இங்கேயே உடைச்சுக்கிட்டா நேரா போய் வெட்டலாம். அந்தக் கிழட்டு ஆமைகிட்ட எவன் வரிசையில நிக்கிறது?"

"வேணாம். இந்தக் கரையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கிறதே நாணல் வேருதான்."

"எது வேரு, எது தண்டுன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். உன் கொடுக்குக்குத் தெரியுமா?"

செவலிக்குச் சுருக்கென்றது. பதில் தெரியாதவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். "போடா வழவழா!" என்று வழுவனை வெளியே உருட்டிவிட்டாள். வளை வாசலில் கல்லை வைத்து அடைத்தாள்.

மூடி உடைந்தது. கொடுக்கு லேசாக இருந்தது. சந்தோஷமாய்த் திரும்பினாள். சுவரில் தொங்கிய நாணல் வேர் ஒன்று பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. நறுக்! அவள் வெட்ட நினைக்கவே இல்லை. வெட்டுப்பட்டுவிட்டது.

'ஒரு வேர்தானே' என்று நினைத்தாள்.

பக்கத்து வளையிலிருந்து உள்வழியாகத் தங்கை மயிலை வந்தாள். வயிற்று மடிப்பில் அன்று பொரித்த குஞ்சுகள்.

"அக்கா, திறந்துட்டியா? எனக்கும் உடைச்சு விடேன். குஞ்சுகளை வெச்சுக்கிட்டு வரிசையில நிக்க முடியல."

திறந்த கொடுக்குக்கு இன்னொரு மூடியை உடைப்பது பெரிய வேலையா? உடைத்துவிட்டாள். மயிலை அடுத்த வளைக்காரிக்கு உடைத்தாள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, நாலு எட்டானது. கரைக்குள் எங்கே பார்த்தாலும் நறுக் நறுக்.

செவலி நாணல் வெட்டக் கிளம்பி வாசல் கல்லை நகர்த்தினாள். வழுவன் அங்கேயே நின்றிருந்தது. ஏறி அவள் கொடுக்கில் ஒட்டிக்கொண்டது. கொடுக்கு அசையவில்லை.

"விடுடா."

"மாட்டேன்."

அப்போது அவள் காலடியில் ஈரம் பட்டது. வளைக்குள் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. செவலிக்குப் புரிந்துவிட்டது.

"வழுவா, என்னை விடு. போய் மத்தவங்களைப் பிடி!"

"நான் ஒருத்தன். ஒரு கொடுக்கைத்தான் பிடிக்க முடியும். நீ என்னை உருட்டிவிட்டப்போ இங்க திறக்கப் பார்த்த கொடுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

கரை உடைந்தது.

உச்சிவெயில் ஏறுவதற்குள் ஏரியில் சேறுதான் மிச்சம். கெண்டைகள் அதில் துள்ளின. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. செவலியை வெள்ளம் ஒரு பாறையில் வீசியிருந்தது. அவள் கொடுக்கில் வழுவன் இன்னும் ஒட்டியிருந்தது. ஓடு நசுங்கியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மயிலையைத் தேடினாள். அவளும் இல்லை, குஞ்சுகளும் இல்லை.

கல்லன் சேற்றில் நடந்து வந்தது.

"யார் முதல்ல திறந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

"நான்தான்."

"ஏன்?"

"மீனுங்க பசியா இருந்துச்சு. சீக்கிரம் போகலாம்னு..."

கல்லன் திட்டவில்லை. மேல்கோடியைத் திரும்பிப் பார்த்தது. அங்கே நாணல் விழுந்தபடியே கிடந்தது, ஒரு தண்டுகூட வெட்டுப்படாமல்.

"எல்லாம் உனக்குத்தான். போய் வெட்டு. யாருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

செவலி வழுவனை மெதுவாகப் பிரித்துப் பாறைமேல் வைத்தாள். தன் கொடுக்கைப் பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் அது கொஞ்சம்கூட மழுங்கவில்லை. காலையில் இருந்த அதே கூர். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது. சேற்றை அள்ளி அதன்மேல் அப்பினாள். அப்பிக்கொண்டே இருந்தாள்.

நம் வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். புரதத்தைச் செரிக்கிற நொதியைக் கணையம் மூடி போட்டுத்தான் குடலுக்கு அனுப்புகிறது. அந்த மூடி கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால், நொதி அந்தக் கணையத்தையே அரித்துவிடும்.

திறமை எவ்வளவு கூர்மையானதோ, அதற்குரிய இடம் வரும்வரை மூடிவைக்கிற பொறுமையும் அவ்வளவு வேண்டும்.