முள் குத்திய இருவாச்சி

மலைக்காட்டில் ஓர் உயரமான மரம். அதன் பொந்துக்குள் பெண் இருவாச்சி ஒன்று தன் இரண்டு குஞ்சுகளோடு அடைந்து கிடந்தது. இருவாச்சிகளின் வழக்கம் அது. பெண் பறவை உள்ளே போய், பொந்தின் வாயை மண் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். குஞ்சுகள் வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே எல்லோருக்கும் பட்டினிதான்.

ஒருநாள் பழம் பறிக்கப் போன ஆண் இருவாச்சி முட்கொடியில் காலை வைத்துவிட்டது. முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்தது. குனிந்து பிடுங்கப் பார்த்தது. தன் உள்ளங்காலுக்கு அந்தப் பெரிய அலகு எட்டவே இல்லை. "தானே ஆறிடும்" என்று பறந்துவிட்டது.

நாளுக்கு நாள் கால் வீங்கியது.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கே, நல்லா இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டது.

"எனக்கென்ன குறைச்சல்? நீ பிள்ளைகளைப் பாரு."

மனைவிக்குச் சந்து வழியே அலகு மட்டும்தான் தெரியும். அலகோ எப்போதும்போலப் பளபளவென்று இருந்தது.

மாலையில் ஆண் இருவாச்சிகள் எல்லாம் ஒரே மரத்தில் கூடும். எந்த அத்தி பழுத்தது, யாருடைய கொண்டை பெரிது என்று பேச்சுக்குக் குறைவே இல்லை. யாரும் யாரையும் "உடம்புக்கு எப்படி?" என்று கேட்டதில்லை. இதுவும் சொல்லவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் பாவம், தனியாக உட்கார்ந்திருந்தது.

மலையணில் ஒன்று மட்டும் கவனித்தது.

"அண்ணே, ஒத்தைக் கால்ல நிக்கிறீங்களே, என்னாச்சு?"

"ஒரு முள்ளு. ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியா?"

"முள்ளுக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாண்ணே? அண்ணிகிட்டயாவது சொல்லுங்க."

"அவளே உள்ள அடைஞ்சு கிடக்கா. அவளால என்ன செய்ய முடியும்? வீணா பயப்படுவா."

மறுநாள் காலையில் அதற்கு உடம்பு கொதித்தது. ஒரே ஓர் அத்திப்பழத்தோடு தள்ளாடி வந்தது. மரத்தைப் பற்றும்போது கால் வழுக்கிப் பழம் கீழே விழுந்துவிட்டது. உள்ளே குஞ்சுகள் கத்தின.

"பழம் எங்கங்க?"

பொய் சொல்ல வாய் திறந்தது. பொய் வரவில்லை.

"கால்ல முள்ளு. தாங்க முடியலை. நாளைக்கு வருவேனான்னு தெரியலை."

"காலைச் சந்துக்குள்ள நீட்டுங்க" என்றது மனைவி.

அலகு மட்டுமே நுழைந்த சந்தில் அன்று கால் நுழைந்தது. மனைவி தன் அலகின் நுனியால் முள்ளைக் கவ்வி இழுத்தது.

"ஐயோ, வலிக்குது!"

"கத்துங்க. யாரு கேக்கப்போறா, நான்தானே?"

சீழோடு முள் வெளியே வந்தது. ஆண் இருவாச்சி அன்றுதான் வாய்விட்டு அழுதது. விழுந்த பழத்தைத் தூக்கிக்கொண்டு மலையணில் மேலே ஏறி வந்தது.

"தினமும் இந்த வாசலுக்குத்தானே வந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டது மனைவி.

குடும்பத்துக்காக ஓடுகிறவர், தன் வலியைக் குடும்பத்திடம் சொல்வதும் குடும்பத்தைக் காப்பாற்றும் வேலைதான்.