பதினாலு பல்லும் பதிமூணு பல்லும்

ஞானம் தேடியவர்கள் காடு மலை என்று அலைந்ததாகச் சொல்வார்கள். சவரிமுத்து சாருக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. நரிமேட்டிலிருந்து வைகைப் பாலத்தைத் தாண்டி, சிம்மக்கல்லில் ஜெயக்கொடியின் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தால் போதும்.

முப்பது வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாவதில் அவரிடம் பிரம்படி வாங்கியவள்தான் ஜெயக்கொடி. இப்போது சார் தரையில் குத்தவைத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க, அவள் முக்காலியில் உட்கார்ந்து, "அது இல்ல சார், பன்னெண்டாம் நம்பர்" என்கிறாள்.

எல்லாம் அவர் மனைவி லூர்துக்காக. இருபத்தெட்டு வருஷம் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து மதுரையைச் சுற்றியவள். போன தை மாதம் முதுகில் டிஸ்க் நழுவியது. கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருநாள் பாதி வழியில் இறங்கிவிட்டாள்.

"இனிமே இதுல ஏறினா என் பேரு லூர்து இல்ல."

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவள் ஷேர் ஆட்டோவில் போனாள். சார் காலி சீட்டோடு பின்னாலேயே போனார். அந்தக் காலி சீட்டு அவரைத் தூங்கவிடவில்லை.

"மெதுவாப் போனா வண்டி வெட்டி வெட்டி இழுக்குது. கிளட்ச்சைப் பிடிச்சுப் பிடிச்சுக் கை மரத்துப்போகுது. இதுக்கு என்னதான் வழி?" என்று கேட்டார்.

எஞ்சினிலிருந்து செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்தை ஜெயக்கொடி காட்டினாள்.

"எண்ணுங்க சார்."

"பதினாலு பல்லு."

"பதிமூணு போடுங்க. மேல வேகம் குறையும். கீழ இழுவை கூடும்."

"ஒரு பல்லுல என்ன ஆகிடப் போகுது?"

"உங்க வாயில ஒண்ணைக் கழட்டிட்டு முறுக்குத் தின்னு பாருங்க."

அவர் தன் கையாலேயே செய்தார். கியர் லீவரைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதை மாட்டினார். பின் சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துச் செயினின் தொய்வைச் சரிசெய்தார். சட்டையெல்லாம் கிரீஸ்.

மறுநாள் லூர்துவிடம் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவளும் ஏறினாள். கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு எண்கள் இறங்கின. மூன்று, இரண்டு, ஒன்று. பச்சை விழுந்த கணத்தில் வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது.

"யேசுவே!"

நடுரோட்டிலேயே இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டினாள்.

சார் ஷெட்டுக்கு வந்தபோது கொதித்துக்கொண்டிருந்தார்.

"முன்னைக்கு இப்ப மோசம்! பல்லைக் குறைக்கச் சொன்னது நீதானே? தப்பு எங்க இருக்கு?"

ஜெயக்கொடி கையை நீட்டினாள். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

"பின்னாடி உக்காருங்க."

"நானா?"

இத்தனை வருஷத்தில் தன் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. காலை எடுத்துப் போடவே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

சிக்னலில் எண்கள் இறங்கின. பச்சை விழுந்ததும் ஜெயக்கொடி முறுக்கினாள். சாரின் தலை பின்னுக்குப் போய்த் திரும்பி வந்தது. முதுகில் ஒரு சுளுக்கு மின்னியது.

"ஏய்! என்ன ஓட்டு ஓட்டுற?"

"உங்களை மாதிரிதான் சார். நீங்க விசில் ஊதின கிரவுண்டுலதானே நானும் ஓடினேன்."

சாருக்குச் சுருக்கென்றது. விசில் சத்தம் காதில் விழுந்ததும் பாயாதவனை மைதானத்தை மூன்று சுற்று ஓடவிட்டவர் அவர். பிள்ளைகளைப் பழக்கிப் பழக்கித் தன் மணிக்கட்டையும் பழக்கிவிட்டிருந்தார். கூடிய இழுவையை அந்தக் கையில் கொடுத்தால் என்ன ஆகும்?

திரும்பி வரும்போதும் அதே சிக்னல். பச்சை விழுந்தது. ஜெயக்கொடி அசையவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. நாலு வண்டி முந்திப் போனது. பிறகு கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில், கிளட்ச்சைத் தொடாமலே பாலம் முழுக்க ஊர்ந்தாள்.

"பதினாலு பல்லோட இப்படி ஊர முடியுமா?" என்று சார் கேட்டார்.

"திணறி நின்னுடும்."



சார் ஒரு வாரம் தனியாகப் பழகினார். சிக்னலில் எண்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலு வண்டி போகட்டும் என்று பல்லைக் கடிப்பார். ஐம்பத்தொன்பது வயதில் அதைவிடக் கடினமான பயிற்சி எதையும் அவர் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை லூர்து வழக்கம்போல் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். சார் இந்த முறை கெஞ்சவில்லை. பக்கத்திலேயே வந்தார். கோரிப்பாளையத்தில் ஆட்டோ குலுங்கி நின்றது, குலுங்கிக் கிளம்பியது. வண்டி மட்டும் தண்ணீரில் போகிற மாதிரி கூடவே வந்தது. லூர்து பார்த்தாள். பாலத்தின் பாதி வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"ஓரமா நிப்பாட்டுப்பா."

இறங்கினாள். வந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"இப்ப உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடட்டும்?"

"வாயை மூடிட்டு ஓட்டுங்க."

பஸ் முந்தியது, சைக்கிள்கூட ஒன்று முந்தியது. சார் முதல் பரிசு வாங்கியவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினார். தோளில் இருந்த கை ஒரு தடவைகூட இறுகவில்லை. சிம்மக்கல் வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தினார். லூர்து இறங்கவில்லை.

"வலிக்கவே இல்ல ஜெயக்கொடி. இப்படியே தெப்பக்குளம் வரைக்கும் ஒரு சுத்துப் போயிட்டு வரச் சொல்லு."

சாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் பழைய பி.டி. மாஸ்டர். மனசுக்குள் ஒரு குறை இருக்கத்தான் செய்தது.

"எல்லாஞ் சரிம்மா. நேத்து ரிங் ரோட்டுல தனியா முறுக்கிப் பாத்தேன். நூத்திப்பத்து போன வண்டி, நூறைத் தாண்டல. அந்தப் பத்து எங்க போச்சு?"

ஜெயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டே லூர்துவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்கயும் போகல சார். உங்களுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கு."